ஜோயல் ஜுமாயா: 171 ஆட்டத்தில் முடிந்த கை. கிட்டாரா, பெட்டியா, வேகமா?

எட்டாவது_இன்னிங்ஸ் (இழையைத் தொடங்கியவர்)

ஜுமாயா பேரை எடுத்தாலே "வீடியோ கேம் ஆடிக் கையைக் கெடுத்துக்கிட்டவர்தானே" என்று ஒரே வரியில் ஆளை முடித்துவிடுகிறார்கள். அமெரிக்க பேஸ்பாலின் உச்சமான மேஜர் லீக்கில் டெட்ராய்ட் டைகர்ஸுக்காக ஐந்து சீசன் வீசிய ரிலீஃப் பிட்சர் (ஆட்டத்தின் நடுவில் இறங்கி வீசுபவர்) அவர். அதில் கிட்டார் ஹீரோ என்ற அந்த வீடியோ கேமால் போனது 2006 பிளேஆஃப்பில் மூன்று ஆட்டம். மற்றதெல்லாம் எங்கே போனது என்று பேசத்தான் இந்த இழை.

முதலில் எண்கள். வரிசை: ஆட்டம், இன்னிங்ஸ், ஸ்ட்ரைக்கவுட், வாக், ஈஆர்ஏ.

2006: 62, 83.1, 97, 42, 1.94
2007: 28, 33.2, 27, 17, 4.28
2008: 21, 23.1, 22, 22, 3.47
2009: 29, 31.0, 30, 22, 4.94
2010: 31, 38.1, 34, 11, 2.58
மொத்தம்: 171, 209.2, 210, 114, 3.05. வெற்றி 13, தோல்வி 12, சேவ் 5.

(புதியவர்களுக்கு: இன்னிங்ஸில் புள்ளிக்குப் பின்னால் வருவது தசமம் இல்லை, அவுட் கணக்கு. 83.1 என்றால் 83 இன்னிங்ஸும் ஒரு அவுட்டும். மூன்று அவுட் ஒரு இன்னிங்ஸ். ஸ்ட்ரைக்கவுட் என்பது மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்டர் அவுட். வாக் என்பது நாலு தவறான பந்தால் (பால்) பேட்டருக்கு முதல் பேஸ் இலவசம். சேவ் என்பது அணியின் முன்னிலையைக் காத்து ஆட்டத்தை முடிப்பவருக்கு. ஈஆர்ஏ என்பது ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் கணக்கில் விழும் ரன்.)

முதல் வருஷம் 62 ஆட்டம். பிறகு நாலு வருஷத்தையும் கூட்டினால் 109தான். 22 வயது முடிவதற்குள் அவருடைய ஒரே முழு சீசன் முடிந்துவிட்டது.

புது_ரசிகன்

கிரிக்கெட் பக்கத்துல இருந்து வர்றேன், தப்பா கேட்டா மன்னிச்சுக்கங்க. 104.8 மைல்னு போடறாங்களே, நிஜமாவா? நமக்குத் தெரிஞ்ச உச்சம் ஷோயப் அக்தரோட 161.3 கிலோமீட்டர்தான்.

ஸ்கோர்புக்

2006 அக்டோபர் 10, ஓக்லாந்து, பேட்டர் பிராங்க் தாமஸ். 104.8 மைல், அதாவது மணிக்குச் சுமார் 168.7 கிலோமீட்டர். அக்தரின் 161.3 என்பது 100.2 மைல்.

ஆனால் வேக எண்களை ஒப்பிடும்போது எந்தக் கருவி, பந்தை எந்த இடத்தில் அளந்தது என்று பார்க்க வேண்டும். பிட்சர் கால் வைக்கும் ரப்பர் பட்டையிலிருந்து பேட்டர் பக்கத்து ஹோம் பிளேட் 60 அடி 6 அங்குலம். கால் நீட்டி முன்னால் வந்து விடுவதால் கையை விட்டுப் பந்து கிளம்புவது சுமார் 54, 55 அடியில். அங்கிருந்து பேட்டரிடம் வருவதற்குள் காற்று எட்டு, ஒன்பது சதவீத வேகத்தைத் தின்றுவிடும். பழைய பிட்ச்எஃப்எக்ஸ் கருவியின் அறிக்கைகள் ஹோம் பிளேட்டிலிருந்து 50 அடி இடத்து வேகத்தைச் சொன்னன. இப்போதைய ஸ்டேட்காஸ்ட் கையை விட்ட கணத்தைச் சொல்கிறது. 2010 செப்டம்பரில் இன்னொரு பிட்சர் அரோல்டிஸ் சாப்மன் வீசிய 105.1 பிற்பாடு 105.8 ஆனது இதனால்தான். அதே பந்து, வேறு இடத்து அளவு. ஆகவே 2006 எண்ணையும் இன்றைய எண்ணையும் நேராகப் பக்கத்தில் வைக்காதீர்கள்; பழையதற்கு அரை மைலுக்குக் கொஞ்சம் மேலே சேர்த்துப் பாருங்கள்.

புது_ரசிகன்

ஓடி வராமலே இந்த வேகமா?

எலும்புக்கூடு

ஓடி வராததுதான் விஷயமே. கிரிக்கெட்டில் ரன்-அப் ஒரு பங்கு வேகத்தைக் கொடுத்துவிடும், முழங்கையை 15 பாகைக்கு மேல் நீட்டக் கூடாது என்று விதி வேறு. அதனால் அங்கே வேகப்பந்துக்காரர்களுக்குக் கீழ்முதுகு எலும்பில் அழுத்த முறிவு வருகிறது. பேஸ்பாலில் நின்ற இடத்திலிருந்து ஒரே அடி முன்னால் வைத்து, இடுப்பு, உடல், தோள், முழங்கை என்று வரிசையாகச் சுழற்றி வேகத்தை உண்டாக்க வேண்டும். பந்து 142 முதல் 149 கிராம்தான். கனம் பிரச்சினை இல்லை, சுழற்சிதான் பிரச்சினை.

கை முழுக்கப் பின்னால் மடங்கும் கணத்தில் மேற்கை ஏறக்குறைய 180 பாகை வரை வெளிப்பக்கம் திரும்பியிருக்கும். அங்கிருந்து உள்பக்கமாகத் திரும்பும் வேகம் நொடிக்கு 7,000 பாகையைத் தொடும். அப்போது முழங்கையின் உள்பக்கத்தைத் திறக்கப் பார்க்கும் விசை 60 நியூட்டன்-மீட்டருக்குக் கொஞ்சம் மேலே. அந்த உள்பக்கத் தசைநாரைத் தனியே எடுத்துச் சோதித்தால் 30-க்குச் சற்று மேலேயே அறுந்துவிடுகிறது. மீதியை முன்கைத் தசைகள் தாங்குகின்றன. தசை களைத்தால் அந்தப் பங்கு தசைநாருக்கும் எலும்புக்கும் போய்ச் சேரும். ரிலீஃப் பிட்சர்களின் காயக் கணக்கை இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

நக்கிள்கர்வ்

அப்ப டைகர்ஸ் மேனேஜர் ஜிம் லேலண்ட் பேரைச் சொல்லிடலாமே! 62 ஆட்டத்துல 83.1 இன்னிங்ஸ். ஆட்டத்துக்குச் சராசரி 1.34. ஏழாவது இன்னிங்ஸ்ல நடுவுல கொண்டுவந்து எட்டாவதையும் முடிக்கச் சொல்றது, அப்புறம் குளோசர், அதாவது கடைசி இன்னிங்ஸ்காரர், டாட் ஜோன்ஸ் வந்து சேவ் எடுத்துக்கிட்டுப் போறது. ஜோன்ஸுக்கு அந்த வருஷம் 37 சேவ், ஜுமாயாவுக்கு ஒண்ணு. 21 வயசுப் பையன் கையை ஒரே சீசன்ல பிழிஞ்சு எடுத்துட்டாங்க.

எட்டாவது_இன்னிங்ஸ்

சேவ் ஒன்று, ஆனால் ஹோல்ட் (முன்னிலையைக் காத்து அடுத்த பிட்சரிடம் ஒப்படைத்தது) 30. அதையும் சொல்லுங்கள் அண்ணே.

ஸ்கோர்புக்

நக்கிள்கர்வ், முந்தின வருஷத்தையும் பாருங்கள். 2005இல் ஈரி, டொலிடோ என்ற கீழ்நிலை லீக் அணிகளில் ஸ்டார்ட்டராக (ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சராக) 151.1 இன்னிங்ஸ், 199 ஸ்ட்ரைக்கவுட். அங்கிருந்து 83.1 என்பது இன்னிங்ஸில் பாதிக்குப் பக்கம். வெறும் இன்னிங்ஸை வைத்துப் பிழிந்தார்கள் என்று சொல்ல முடியாது.

டொலிடோ_வாசி

ரெண்டு பேரும் பாதி சரி. இன்னிங்ஸ் குறைஞ்சது, ஆனா கையைச் சூடாக்கின தடவை கூடிப்போச்சு. ஸ்டார்ட்டர் அஞ்சு நாளைக்கு ஒரு தடவை, மணி பார்த்து நிதானமா வார்ம்-அப் பண்ணுவார். ரிலீவருக்கு, புல்பென்ல (அவங்க காத்திருந்து கையைச் சூடாக்கற இடம்) போன் அடிச்ச பிறகு கிடைக்கறது ரெண்டு பேட்டர் நேரம். அதுக்குள்ள 20, 25 பந்து. மவுண்டுக்கு (வீசற மேடு) வந்ததும் இன்னும் 8. அப்புறம்தான் கணக்குல ஏறுற 20 சொச்சம் பந்து.

இதைவிட மோசம், எழுந்து சூடாகிட்டு ஆட்டத்துக்குள்ள போகாம உட்கார்ற ராத்திரிகள். ஸ்கோர்கார்டுல அந்த நாள் "ஓய்வு"ன்னு இருக்கும், கைக்கு அது ஓய்வே இல்லை. 62 ஆட்டம்னு நாம எண்றது கதவைத் திறந்து உள்ளே வந்த தடவையை மட்டும்.

இன்னொண்ணு. ஸ்டார்ட்டரா இருந்தா நூறு பந்து போகணும்னு 94, 95ல ஓட்டி, தேவைப்பட்டா மட்டும் கூட்டுவார். ரிலீஃப்ல எல்லாப் பந்துமே உச்சம்தான். 2006ல அவர்கிட்ட நேர்ப்பந்தும், வளைஞ்சு இறங்கற கர்வும்தான் பெரும்பாலும். 100 மைல் கையில இருக்கும்போது வேகத்தைக் குறைச்சு ஏமாத்தற சேஞ்சப்பை யார் தேடுவாங்க?

நக்கிள்கர்வ்

டொலிடோ அண்ணன் சொல்ற வார்ம்-அப் கணக்கை ஒத்துக்கறேன். லேலண்ட் மேல உள்ள புகாரை வாபஸ் வாங்கல.

ஸ்கோர்புக்

காயங்களைத் தேதி வாரியாக வைத்தால் பேச்சு தெளியும்.

2006 அக்டோபர்: வலது முன்கை, மணிக்கட்டுப் பக்கம் வீக்கம். ஓக்லாந்துத் தொடரில் முதல் ஆட்டத்துக்குப் பிறகு வீசவில்லை. தொடரே நாலு ஆட்டத்தில் முடிந்ததால் இழந்தது மூன்று. காரணம் கிட்டார் ஹீரோ என்று டிசம்பரில் சொன்னவர் அணியின் பொது மேலாளர் டேவ் டோம்ப்ரோவ்ஸ்கி. விளையாடுவதை நிறுத்தியதும் வலி போய்விட்டது.

2007 மே: வார்ம்-அப்பில் வலது நடுவிரல் தசைநாண் அறுந்தது. அறுவை சிகிச்சை. திரும்பியது ஆகஸ்டில்.

2007 அக்டோபர்: கலிபோர்னியா காட்டுத்தீ சமயத்தில் சான் டியேகோ பகுதியில் அப்பா வீட்டில் சாமான்களை இறக்கும்போது கனமான பெட்டி வலது தோளில் விழுந்தது. காறை எலும்பும் தோள்பட்டை எலும்பும் சேரும் மூட்டு விலகியது. அறுவை சிகிச்சை. திரும்பியது 2008 ஜூனில்.

2009: தோள் எலும்பில் அழுத்த முறிவு. ஆகஸ்டில் எலும்பு மருத்துவர் ஜேம்ஸ் ஆண்ட்ரூஸ் கையால் அறுவை சிகிச்சை. சீசன் முடிந்தது.

2010 ஜூன் 28: மினியாபொலிஸ், டார்கெட் ஃபீல்டு, பேட்டர் டெல்மன் யங். 99 மைல் பந்தை விட்டதும் முழங்கையைப் பிடித்துக்கொண்டு மவுண்டிலேயே மண்டியிட்டார். முழங்கை முனை எலும்பு முறிவு. மேஜர் லீக்கில் அவர் வீசிய கடைசிப் பந்து அதுதான்.

2011: முழுதும் காயப் பட்டியல்.

2012 பிப்ரவரி: மினசோட்டா ட்வின்ஸ் பயிற்சி முகாம். பேட்டர் நிற்க வீசிய முதல் பயிற்சியில் 13 பந்து. முழங்கையின் உள்பக்கத் தசைநார் அறுந்தது. அதைப் புதிதாகக் கட்டும் டாமி ஜான் அறுவை சிகிச்சை. 2014இல் ஓய்வு.

இந்தப் பட்டியலில் கிட்டாருக்கு ஒரு வரி. பெட்டிக்கு ஒரு வரி, ஆனால் அதற்கு விலை அதிகம்.

எலும்புக்கூடு

பெட்டி வரியில் நிற்கிறேன், எல்லோரும் தாண்டிப்போகும் இடம் அது.

அந்த மேல்மூட்டு விலகினால் தோள்பட்டை எலும்புக்கு நங்கூரம் போய்விடும். வீசும்போது அந்த எலும்பு முதுகுமேல் வழுக்கி, மேற்கை எங்கே போனாலும் கூடவே திரும்பி முகம் கொடுக்க வேண்டும். அது ஒரு சென்டிமீட்டர் தாமதித்தாலும் கை பின்தங்கும். பந்து மேலே போகும், வெளியே போகும். 2008 வரியைப் பாருங்கள்: 23.1 இன்னிங்ஸ், 22 வாக். ஒன்பது இன்னிங்ஸுக்கு 8.5. 2006இல் இதே விகிதம் 4.5. வேகம் பெரும்பாலும் திரும்பி வந்தது, கட்டுப்பாடு வரவில்லை. 3.47 ஈஆர்ஏவைப் பார்த்து அந்த வருஷம் தேவலை என்று நினைப்பவர்கள் வாக் பத்தியைப் பார்ப்பதே இல்லை.

அடுத்த வருஷம் அதே தோளில் அழுத்த முறிவு. பெட்டியால் நேரடியாக வந்தது என்று நான் சொல்ல மாட்டேன், ஆனால் ஒரு மூட்டு சரியாக நகராவிட்டால் பக்கத்து எலும்பு சுமையை வாங்கும் என்பது எங்கள் தொழிலில் அரிச்சுவடி.

புது_ரசிகன்

நடுவிரல் ஏன் டாக்டர்? ஒரு விரலுக்கு மூணு மாசமா?

டொலிடோ_வாசி

டாக்டர் வர்றதுக்குள்ள பந்து பிடி பத்திச் சொல்லிடறேன் தம்பி. நாலு தையல் நேர்ப்பந்துல ஆள்காட்டி விரலும் நடுவிரலும் தையலுக்குக் குறுக்கே மேல உட்காரும், கட்டைவிரல் கீழ. விடும்போது கடைசியா பந்தைத் தொட்டுக் கீழ்நோக்கி இழுக்கறது அந்த ரெண்டு விரல்தான், அதுலயும் நீளம் கூடின நடுவிரல். பின்சுழற்சி மொத்தமும் அங்கிருந்து. கர்வ் போட்டாலும் அழுத்தம் நடுவிரல்லதான். அந்த விரல் இல்லாம ரெண்டாம் தரப் பந்துகூட போட முடியாது.

எலும்புக்கூடு

அதுவேதான். தசைநாணைத் தைத்த பிறகு ஒட்டிக்கொள்ளவே ஆறு வாரம். பிறகு விரல் முழுக்க மடங்கி நீள வேண்டும், பிறகு பிடி வலு, பிறகு தூரம் கூட்டி வீசுதல். மூன்று மாதம் என்பது வேகமான மீட்சி.

நக்கிள்கர்வ்

2006 வேர்ல்ட் சீரிஸ் (மேஜர் லீக் இறுதித் தொடர்) பத்தி யாருமே பேசலையே. மூணாவது ஆட்டம், செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸோட. ஏழாவது இன்னிங்ஸ்ல ரெண்டு வாக், அப்புறம் அவங்க பேட்டர் புஹோல்ஸ் நேரா இவர்கிட்டயே திருப்பி அடிச்சார். முதல், ரெண்டாம் பேஸ்ல ஆள். சும்மா திரும்பி ரெண்டாம் பேஸுக்குக் கொடுத்தா டபுள் ப்ளே, ஒரே பந்துல ரெண்டு அவுட். இவர் மூணாம் பேஸுக்கு எறிஞ்சு, பந்து அங்க நின்ன பிராண்டன் இஞ்சைத் தாண்டிப் போச்சு. ரெண்டு ரன். இதுவும் கிட்டார் கணக்கா?

ஸ்கோர்புக்

அது கையின் பிழை இல்லை, முடிவின் பிழை. பந்து வருவதற்கு முன்பே "எனக்கு வந்தால் இரண்டாம் பேஸ்" என்று ஷார்ட்ஸ்டாப்பிடம் (இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவே நிற்பவர்) கண்ணைக் காட்டிப் பேசி வைத்திருக்க வேண்டும். பிட்சர்களுக்குப் பயிற்சி முகாமில் தினமும் காலையில் செய்யவைக்கும் ஃபீல்டிங் பயிற்சி இதற்குத்தான். அவரை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. அந்தத் தொடரில் டைகர்ஸ் பிட்சர்கள் ஐந்து ஆட்டத்தில் ஐந்து எர்ரர் (ஃபீல்டிங் பிழை) செய்தார்கள்: வெர்லாண்டர் இரண்டு, ஜோன்ஸ், ஜுமாயா, ராட்னி ஆளுக்கு ஒன்று. 4-1 என்று தொடர் போனது.

கிட்டார் வலி அந்த வாரத்துக்குள் போய்விட்டிருந்தது. ஓக்லாந்தை நாலு ஆட்டத்தில் முடித்ததால் டைகர்ஸுக்கு ஒரு வாரம் ஓய்வு கிடைத்ததே.

எட்டாவது_இன்னிங்ஸ்

என் வாதத்துக்கு வருகிறேன். எனக்கு 2010 வரிதான் இந்தக் கதையின் நடு. 38.1 இன்னிங்ஸ், 11 வாக், 11 ரன். அதனால் ஈஆர்ஏவும் 2.58, ஒன்பது இன்னிங்ஸுக்கு வாக்கும் 2.58. 2006இல் ஒன்பது இன்னிங்ஸுக்கு 10.5 ஸ்ட்ரைக்கவுட் எடுத்தவர் இப்போது 8 எடுக்கிறார், ஆனால் வாக் கிட்டத்தட்ட பாதியாகக் குறைந்துவிட்டது. எல்லாப் பந்தையும் மூச்சைப் பிடித்து எறிந்த பையன், பேட்டரை அடிக்கவிட்டு அவுட் எடுக்கப் பழகிவிட்டார். மே, ஜூனில் அவர் வீசியதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், முதல் பந்து ஸ்ட்ரைக் போட்டுவிட்டுத்தான் கர்வுக்கே போவார்.

அப்படி ஒழுங்காக வீசிக்கொண்டிருந்த ஆளுக்குத்தான் எலும்பு உடைந்தது. ஆகவே "காட்டுத்தனமாக எறிந்ததால் உடைந்தது" என்பதை நான் ஏற்கவில்லை. பாணி திருந்திவிட்டது, வேகம் மட்டும் அப்படியே 99இல் நின்றது.

எலும்புக்கூடு

சரியான கேள்வி. முழங்கை முனை எலும்பை, மேற்கை எலும்பின் பின்குழியில் போய் உட்காரும் கதவுக் கொக்கி மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். கை நீளும் ஒவ்வொரு தடவையும் கொக்கி குழிக்குள் போகிறது. உள்பக்கத் தசைநார் இறுக்கமாக இருந்தால் நேராகப் போகும். கொஞ்சம் தளர்ந்திருந்தாலும் சாய்ந்து போய்க் குழியின் உள்சுவரில் இடிக்கும். கூடவே பின்கைத் தசை அதே முனையைப் பிடித்து இழுக்கிறது. இடியும் இழுப்பும் பல ஆயிரம் தடவை நடந்தால் மயிரிழை விரிசல், பிறகு ஒரு நாள் முறிவு. கட்டுப்பாடு நன்றாக இருக்கிறதா என்பது அந்த எலும்புக்குத் தெரியாது. கை நீளும் வேகம் மட்டுமே அதற்குக் கணக்கு.

2010இல் முனை எலும்பு, 2012இல் தசைநார். தசைநார் முன்பே தளர்ந்திருந்ததுதான் 2010 முறிவுக்கே காரணமாக இருந்திருக்கலாம் என்று நினைக்கிறேன். இது என் ஊகம். ஸ்கேன் படம் பார்க்காமல் யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது.

நக்கிள்கர்வ்

டாமி ஜான் பண்ணிட்டு வந்தவங்க எத்தனையோ பேர். வெர்லாண்டரே 2020ல பண்ணிட்டு 2022ல சிறந்த பிட்சருக்கான சை யங் விருது வாங்கினார். 2006ல ரெண்டு பேரும் ஒரே அணில ரூக்கி (புதுமுகம்). இவர் ஏன் வரல?

எலும்புக்கூடு

டாமி ஜானில் செய்வது இது: முன்கையிலிருந்து உதவாத ஒரு மெல்லிய தசைநாணை எடுப்பார்கள். கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் ஒட்டி மணிக்கட்டை மடக்கினால் நடுவில் எழும்புமே, அது. சிலருக்கு அது பிறவியிலேயே இருக்காது, தொடையிலிருந்து எடுப்பார்கள். மேற்கை எலும்பிலும் முன்கை எலும்பிலும் துளை போட்டு, அதன் வழியே கோர்த்து இறுக்குவார்கள். நாலைந்து மாதத்தில் 45 அடி தூரத்துக்கு மெதுவாக வீசத் தொடங்கலாம், ஒன்பது பத்து மாதத்தில் மவுண்டு, ஆட்டத்துக்கு 12 முதல் 18 மாதம். அந்தத் துளைகள் போடும் முன்கை எலும்பின் மேல்முனைதான் இவருக்கு ஏற்கெனவே முறிந்து திருகு போட்ட இடம். சுத்தமான எலும்பில் செய்வதும் அதில் செய்வதும் ஒன்றல்ல.

தோளும் பழுது. முழங்கைக்கு வேலை குறைய வேண்டுமென்றால் தோள் கூட உழைக்க வேண்டும். அந்தத் தோள்?

புது_ரசிகன்

2011 முழுக்க ஆடாதப்போ சம்பளம் உண்டா?

ஸ்கோர்புக்

உண்டு. மேஜர் லீக் ஒப்பந்தம் உறுதிப் பணம். 2011க்கு 14 லட்சம் டாலருக்குக் கையெழுத்திட்டிருந்தார். காயப் பட்டியலில் இருக்கும் நாளும் பணிக்காலத்தில் சேரும். 172 நாள் ஒரு வருஷம். ஆட்டம் 171தான், ஆனால் பணிக்காலம் ஆறு வருஷத்தைத் தொட்டதால் 2011 முடிவில் விருப்பப்பட்ட அணியோடு பேசும் உரிமை வந்தது. அப்படித்தான் ட்வின்ஸுக்குப் போனார். ஓய்வூதியத்துக்குக் குறைந்தபட்சம் 43 நாள் போதும், முழுத் தொகைக்குப் பத்து வருஷம்.

சேவ் இல்லாதது சம்பளத்தில் அடித்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று வருஷம் முடிந்து சம்பளத்தைத் தீர்மானிக்கும் நடுவரிடம் (ஆட்ட அம்பயர் இல்லை) போகும் கட்டத்தில் குளோசர்களுக்குச் சேவ் எண்ணிக்கை பேசும். 30 ஹோல்டுக்கு அந்த மதிப்பு அன்று இல்லை.

டொலிடோ_வாசி

இன்னிக்கு இருந்திருந்தா 83 இன்னிங்ஸ் எந்த அணியும் கொடுத்திருக்காது. 26 பேர் பட்டியல்ல 13 பிட்சர், மூணு நாள் தொடர்ந்து வீசினா உட்கார வச்சிடுவாங்க. ஆனா ரிலீவர் குறைஞ்சது மூணு பேட்டருக்காவது வீசணும்ங்கற விதி 2020ல வந்துடுச்சு, அது வேற சுமை.

நக்கிள்கர்வ்

இன்னிக்கு இருந்திருந்தா 104ஐ இன்னும் கூட்டச் சொல்லி ரெண்டு வருஷத்துல டாமி ஜான் பண்ணியிருப்பாங்க. பேஷ்!

புது_ரசிகன்

கடைசியா ஒண்ணு. டெல்மன் யங் நிக்கும்போது பாதியில வெளியே போனாரே, அந்த பேட்டர் யார் கணக்கு?

ஸ்கோர்புக்

மாறும் நேரத்தில் பால், ஸ்ட்ரைக் நிலவரத்தைப் பொறுத்தது. 2-0, 2-1, 3-0, 3-1, 3-2 ஆக இருக்கும்போது மாற்றி, பிறகு பேட்டர் வாக் ஆனால் அது முதல் பிட்சர் கணக்கு. மற்ற நிலவரங்களில் வாக்கும் புதியவர் கணக்கு. ஹிட், அவுட், எர்ரர் என்று வேறு எப்படி முடிந்தாலும் புதியவர்தான் பொறுப்பு. காயத்தால் திடீரென்று உள்ளே வருபவருக்கு அன்று வழக்கமாக இருந்த 8 வார்ம்-அப் பந்து என்ற வரம்பு கிடையாது; கை சூடாகும்வரை அம்பயர் நேரம் கொடுப்பார்.